மறதிக்கு முன்னால் வந்தது எது?

தைராய்டு குறைபாடும் பி12 பற்றாக்குறையும் மறதி வேஷம் போடுவதைப் போன வாரம் பார்த்தோம். அவை ரத்தப் பரிசோதனையில் சிக்கிவிடும். மனச்சோர்வு அப்படிச் சிக்காது. எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"தெரியலைங்க."

"மாசம்?"

"அதுவும் தெரியலை. எல்லாமே மறந்துபோகுது. என்னை எதுக்குக் கூட்டிட்டு அலையுறாங்க?"

அடுத்து வரும் பெரியவரிடமும் அதே கேள்வி. அவர் சட்டென்று மனைவி பக்கம் தலையைத் திருப்புகிறார். பிறகு, "ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதானே சார்" என்று சிரிக்கிறார். தனக்கு மறதியே கிடையாது என்று சாதிக்கிறார்.

டாக்டர் அந்த அம்மாவிடம் முதலில் மனச்சோர்வைத் தேடுவார், பெரியவரிடம் டிமென்ஷியாவை. மறதி என்று புலம்புகிறவரைவிட மழுப்புகிறவர்தான் அதிகம் கவலை தருகிறார். வீட்டில் நாம் நினைப்பது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும்.

அந்த அம்மாவின் நிலைக்குப் 'போலி டிமென்ஷியா' என்று பெயர். 1961-ல் லெஸ்லி கைலோ எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய பெயர் இது. மனச்சோர்வு தீர்ந்தால் மறதியும் தீரும் என்பது நம்பிக்கை. பலருக்குத் தீரவும் செய்கிறது. ஆனால் 1993-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் அலெக்ஸோபுலோஸ் குழு, இப்படித் தேறிய முதியவர்களை ஏறக்குறைய மூன்று வருடம் விடாமல் கவனித்தது. அவர்களில் 43 சதவிகிதம் பேருக்கு நிஜமான டிமென்ஷியாவே வந்தது. மறதி இல்லாமல் மனச்சோர்வு மட்டும் இருந்தவர்களில் 12 சதவிகிதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் 'போலி' என்று சொல்லி நிம்மதியாகக் கோப்பை மூட முடியாமல் செய்துவிட்டது.

அப்படியானால் மனச்சோர்வுதான் டிமென்ஷியாவைக் கொண்டுவருகிறதா? லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை 1985 முதல் பின்தொடரும் வைட்ஹால் ஆய்வில் இதைத் தேடினார் அர்ச்சனா சிங்-மனோ. 2017-ல் வந்த முடிவு பலரை யோசிக்கவைத்தது. நடுவயது மனச்சோர்வுக்கும் பிற்கால டிமென்ஷியாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் டிமென்ஷியா வந்தவர்களுக்கு, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் 11 வருடங்கள் முன்பிருந்தே சோர்வு கூடத் தொடங்கியிருந்தது. அதாவது, காரணம் என்று நாம் நினைத்தது நோயின் முதல் காலடியாகவே இருக்கலாம். இன்னொரு பக்கம், லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் மனச்சோர்வும் இருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

என்னைக் கேட்டால், அறுபதுக்கு மேல் முதல் தடவையாக ஒருவர் சோர்ந்துபோனால் "வயசானா அப்படித்தான்" என்று விடக் கூடாது. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்து, சில மாதம் கழித்து நினைவாற்றலை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரையிலும் கவனம் வேண்டும்: அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் முதியவர்களின் நினைவையே மந்தமாக்கும்.

டிமென்ஷியா வந்த பிறகு சேரும் மனச்சோர்வு வேறு கதை. இங்கிலாந்தில் சூபே பானர்ஜி குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில் செர்ட்ராலின், மிர்டாசபின் இரண்டுமே வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. மாத்திரை கைவிட்ட இடத்தில் வேறு என்ன செய்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.