உங்களுக்குத் தெரியுமா? வாளிக் காற்றே சாட்சி!

● கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்களின் மக்கள், ரசாயன ஆலைகளின் நாற்றத்தை நாள், நேரத்தோடு குறித்துவைக்கப் பயிற்சி பெற்றார்கள்.

● 2004-இல் பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோயை உண்டாக்கும் நச்சுகளும் அதில் இருந்தது தெரியவந்தது.

● அவர்கள் கேட்ட தூய காற்று சலுகை அல்ல, உரிமை. மாசில்லாத நீரும் காற்றும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

● தூய்மையான சுற்றுச்சூழலை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 2022 ஜூலை 28-இல். ஆதரித்த நாடுகள் 161.

● மாசால் பாதிக்கப்பட்டவர்கள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் முறையிடலாம்.