கதிரவன் நுழையும் கருவறை

கலைப் படைப்பில் ஆன்மிகத்திற்கு உரிய இடம் யாது என்று வினவினால், தெய்வ உருவங்களைச் செதுக்குவதே என்று நம்மிற் பலர் விடையளிப்போம். அதனினும் ஆழ்ந்த இடம் ஒன்று உண்டு. ஆந்திர மாநிலத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள நாகலாபுரத்தில் அதனைக் காணலாம்.

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509–1529) தம் அன்னை நாகலாம்பாளின் பெயரை நிலைநிறுத்திய ஊர் இது. இங்கு மேற்கு நோக்கி எழுந்தருளியுள்ள வேதநாராயணர், மேலே மனித வடிவும் கீழே மீன் வடிவும் உடையவர். சோமகாசுரன் கவர்ந்த வேதங்களை மீட்கக் கடலடியில் நெடுங்காலம் போரிட்டதால் இறைவன் திருமேனி குளிர்ந்தது என்றும், அதற்கு வெம்மையூட்டவே கதிரவன் வருகிறான் என்றும் தலவரலாறு கூறும்.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மூன்று நாள் சூரிய பூஜை நிகழ்கிறது. மாலை ஆறு மணியளவில் கதிரொளி கருவறையை எட்டுகிறது. முதல் நாள் திருவடியிலும், மறுநாள் திருமேனியின் நடுவிலும், மூன்றாம் நாள் நெற்றியிலும் அது படுகிறது.

இஃது எவ்வாறு இயலும்? மார்ச் 20 அல்லது 21-ஆம் நாள் கதிரவன் நேர் மேற்கே மறைகிறான். பின்னர் மறையும் இடம் நாள்தோறும் ஏறக்குறைய 0.4 பாகை வடக்கே நகர்கிறது. நம் கண்ணுக்குத் தோன்றும் அவன் வட்டத்தின் அகலமோ சுமார் அரைப் பாகையே. எனவே வாயில்கள் நெடுக ஒரே கோட்டில் அமையின், ஒளி உள்ளே எட்டும் நாட்கள் சிலவே. சமதரையில் வட்டமிட்டு, நடுவே சங்கு என்னும் கோலை நாட்டி, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் புள்ளிகளை இணைத்துக் கிழமேற்குக் கோட்டைக் காணும் முறையை மயமதம் முதலிய சிற்ப நூல்கள் விளக்குகின்றன.

குளிர்ந்த உடலுக்கு வெம்மை வேண்டும் என்பது கணக்கன்று, பரிவு. அப்பரிவு நிறைவேற வாயிலின் அகலமும், தளத்தின் மட்டமும், பீடத்தின் உயரமும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். பக்தி இங்கே அணிகலனாக நில்லாமல் அளவுகோலாக நிற்கிறது.

இதனால் நமக்கொரு கடமையும் பிறக்கிறது. இங்கே கல் மட்டுமன்று, வாயில்களுக்கு இடைப்பட்ட வெளியும் கலைப்பொருளே. திருப்பணியின்போது தளத்தைச் சிறிது உயர்த்தினாலும், எதிரே நிலையான பந்தலொன்றை எழுப்பினாலும், ஒரு சிலையும் சிதையாமலே வழிபாடு சிதைந்துவிடும். ஆகவே இத்தகைய கோயில்களில் புதுப்பணி தொடங்குமுன், ஒளி செல்லும் வழியை அம்மாலைகளிலேயே அளந்து குறித்து வைப்பது, கல்வெட்டைப் படியெடுப்பதற்கு ஒப்பான தொண்டாகும்.