ஆளில்லா நேரத்தில் இல்ல ஊர்தி

கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இல்ல ஊர்திகள் தங்குவதற்கான பூங்காக்களை அமைப்பதும் அதில் அடங்கும். பயணிகள் காலையில் மலையேறச் சென்றால், மாலைவரை வண்டி தனித்தே நிற்கும். அப்போது கள்வரைவிட அஞ்சத்தக்கது சமையல் எரிவாயு. அது காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோரம் தேங்கும். சிறு பொறியும் பற்றவைக்கப் போதுமானது. பூட்டிய வண்டிக்குள் நிகழும் கசிவை வெளியே நிற்கும் காவலர் எளிதில் அறியார். ஆகவே, அடுப்பின் குமிழை மட்டுமன்றி, உருளையின் வால்வையும் மூடிச் செல்லுதல் இன்றியமையாதது. இழுவை வண்டியாயின், காரிலிருந்து கழற்றுமுன் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்தல் வேண்டும்.

காட்டையொட்டிய இடங்களில் உணவுப் பொருளை உள்ளே விட்டுச் செல்வதும் தகாது. குரங்குக்குச் சன்னல் போதும். யானைக்குச் சுவரே தடையன்று. இடுக்கியில் அரிசிக்காகக் கடைகளை உடைத்துவந்த ‘அரிக்கொம்பன்’ 2023-இல் பிடிக்கப்பட்டு வேறு காட்டில் விடப்பட்டது.