433 எப்படி 386 ஆகிறது?

"டிரான்ஸ்ஃபார்மர் பிளேட்ல 433 வோல்ட்டுனு போட்டிருக்கு. எங்க தோட்டத்துல மட்டும் மோட்டார் ஏன் இழுக்க மாட்டேங்குது தம்பி?" என்று ஒரு விவசாயி கேட்டால் நாம் என்ன சொல்வோம்? வாருங்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

100 கே.வி.ஏ., 11000/433 வோல்ட், டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மர். ரெசிஸ்டன்ஸ் 2 சதவீதம், ரியாக்டன்ஸ் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டெல்டாவைக் கண்டு மிரள வேண்டாம். அது வோல்டேஜை 30 டிகிரி திருப்புமே தவிர, அளவைக் குறைக்காது. மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் ஒரு பேஸுக்குக் கணக்குப் போட்டாலே போதும்.

முதல் படி, டிரான்ஸ்ஃபார்மர். 433 என்பது லோடு இல்லாதபோது கிடைப்பது. முழு லோடில், 0.8 பவர் ஃபேக்டரில் வீழ்ச்சி:
2 × 0.8 + 4 × 0.6 = 4 சதவீதம்.
433-ல் 4 சதவீதம் போனால் மீதி 416. மோட்டாருக்கு வேண்டிய 415-க்குப் பதிலாக 433 என்று வைத்த காரணம் இப்போ புரியுதா?

இரண்டாம் படி, லைன். நம் விவசாயியின் பக்கம் போகும் லைனில் 60 ஆம்பியர். ஒரு கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ் 0.25 ஓம், ரியாக்டன்ஸ் 0.15 ஓம் என்றால்,
60 × (0.25 × 0.8 + 0.15 × 0.6) = 17.4 வோல்ட்.
இது ஒரு பேஸின் வீழ்ச்சி. பலர் இதை அப்படியே 416-ல் கழித்து மார்க்கை விட்டுவிடுகிறார்கள்! 1.732-ஆல் பெருக்கினால் 30 வோல்ட். ஆக, லோடில் கிடைப்பது 386.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் அனுமதித்த ஏற்ற இறக்கம் 6 சதவீதம். அதாவது 390-க்குக் கீழே போகக் கூடாது. இண்டக்ஷன் மோட்டாரின் டார்க், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 386-ல் அது சுமார் 86 சதவீதம்தான். தண்ணீர் இறைக்கும் சுமையோ குறையவில்லை. மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், காயில் சூடாகும், கடைசியில் புகையும். காயில் கட்டும் செலவு யார் தலையில்? விவசாயி தலையில்தான்.

வழி இருக்கிறது. எல்லா மோட்டாரிலும் கெபாசிட்டர் போட்டு பவர் ஃபேக்டரை 0.95 ஆக்கினால், அதே வேலைக்கு 60 ஆம்பியர் சுமார் 50.5 ஆகும். டிரான்ஸ்ஃபார்மரும் 84 கே.வி.ஏ. கொடுத்தால் போதும். அதன் வீழ்ச்சி 2.65 சதவீதம், வோல்டேஜ் 421. லைன் வீழ்ச்சி 25 போக, லோடில் 396. எல்லைக்குள் வந்தாச்சு!

நாளை வேலைக்குப் போகும்போது இதை மறக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் மட்டும் மீட்டர் வைத்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். மோட்டார் ஓடும்போது, மோட்டாரின் முனையில் அளந்து பாருங்கள். அங்கே கிடைப்பதுதான் லோடு வோல்டேஜ்.