பட்டாளத்துப் பழைய ரைபிளும் புதிய மெருகும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லைக்கு இருபுறமும் ஒரே குடும்பத்தார் வாழ்கின்றனர். அண்ணன் வீடு இப்பக்கம், தங்கை வீடு அப்பக்கம். ரப்பர்த் தோட்டம் ஓரிடம், மரச்சீனி விளை மற்றோரிடம். கலியாணத்திற்கும் சந்தைக்கும் நாள்தோறும் எல்லையைத் தாண்டுவோர் அதனை ஓர் எல்லையாகவே கருதுவதில்லை. ஆனால் தாண்டுகிறவர் கையில் ஒரு துப்பாக்கி இருக்குமானால், அந்த எல்லை உடனே உயிர் பெற்றுவிடும்.

இதனை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. புனே நகரில் பணிபுரியும் அன்பர் ஒருவர், விடுமுறையில் பாறசாலைக்கு அருகிலுள்ள தம் சிற்றூருக்குச் சென்றிருந்தார். முதிய தந்தையார் பயிரிட்ட மரச்சீனியைக் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் கிளறி எறிந்திருந்தன. வீட்டில் உரிமத்தோடு கூடிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. ஆனால் அது பழையது. இந்நிலையில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தரகர் ஒருவர், தாம் ஒரு துப்பாக்கி வியாபாரியின் ஆள் என்று சொல்லி, "உலக யுத்த காலத்துப் பட்டாள ரைபிள், முழுவதும் பிரித்துப் புதுப்பித்தது, புதியதன் விலையில் பாதிதான், உங்கள் அப்பாவின் லைசென்சிலேயே எழுதிக்கொள்ளலாம்" என்றாராம். முன்பணம் கொடுக்குமுன் அன்பர் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். சட்டங்களை மொழிபெயர்ப்பது நமது தொழில் என்பதால் நம்மைக் கேட்டார்.

"வாங்க வேண்டா" என்பதே நாம் எழுதிய விடை. அதற்குரிய காரணங்கள் பிறர்க்கும் பயன்படும் என்பதால் அவற்றைச் சற்று விரித்துரைக்கிறோம்.

முதலில், அந்த ரைபிள் யாது? நம் நாட்டில் "பட்டாளத்து ரைபிள்" என்றால் பெரும்பாலும் லீ-என்பீல்டு வகையையே குறிக்கும். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த போல்ட்டு அமைப்பும், இங்கிலாந்தில் என்பீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்கத் தொழிற்சாலையின் பெயரும் சேர்ந்து அப்பெயர் உண்டாயிற்று. வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ஈஷாபூரில் 1904-ஆம் ஆண்டு ரைபிள் தொழிற்சாலை ஏற்பட்டு, இவ்வகை ரைபிள்கள் பல்லாண்டுகள் அங்கே செய்யப்பட்டன. இதன் குழல் விட்டம் .303 அங்குலம், பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும், எடை ஏறத்தாழ நான்கு கிலோ. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படைவீரர் தோளில் இருந்தது இதுவே. உத்தரப்பிரதேசப் போலீசார் 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தனர் என்றால், இதன் உழைப்பு எத்தகையது என்பது விளங்கும்.

அடுத்து, புதுப்பித்தல் என்பது யாது? படைத் தொழிற்சாலைகளில் தேய்ந்த ரைபிளை முற்றிலும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, கெட்டவற்றை நீக்கி, வேண்டுமானால் புதிய குழலும் புதிய மரக்கட்டையும் பொருத்தி, மீண்டும் சுட்டுச் சோதிப்பர். அவ்வாறு செப்பனிட்டதற்கு அடையாளமாக "எப்.டி.ஆர்." என்னும் எழுத்துகளைப் பொறிப்பதும் உண்டு. இவ்வேலையில் உயிர்நாடி, போல்ட்டின் முகத்திற்கும் தோட்டாவின் அடிப்பாகத்திற்கும் இடையே நிற்கும் நுண்ணிய இடைவெளி. .303 தோட்டா வெடிக்கும்போது குழலினுள் சதுர அங்குலத்திற்குப் பதினெட்டு டன்னுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுகிறது. இடைவெளி மிகுந்துவிட்டால் பித்தளைக் கூடு பிளந்து, கனன்ற வாயு சுடுவோர் முகத்தை நோக்கிப் பின்புறமாகப் பாயும். ஆகவேதான் ஒரு ரைபிளின் போல்ட்டை மற்றொன்றில் அளவு பாராது மாட்டலாகாது. போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண்ணைப் பொறிப்பதும் இது கருதியே.

இவ்வளவையும் கடைத்தெருவில் நிற்பவர் கண்ணால் அறிய இயலாது. அவர் காண்பது எண்ணெய் பூசிய மரமும் கறுப்பு மெருகும் மட்டுமே. அணிவகுப்புப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டு, "டி.பி." என்று முத்திரையிடப்பட்ட ரைபிள்கள் உண்டு. சுடுவதற்கு உதவாதவை என்று தள்ளப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். முத்திரையை அராவி மெருகேற்றினால் அவையும் புதுப்பித்த ரைபிள்களைப் போலவே தோன்றும்.

பிற நாடுகளில் இத்தகைய வாணிகம் வெளிப்படையாக நடைபெறுவது உண்மையே. அமெரிக்காவில் பழைய எம்-1 காரண்டு ரைபிள்களைச் செப்பனிட்டுத் தகுதியுள்ள குடிமக்களுக்கு விற்பதற்கு, அந்நாட்டுக் காங்கிரசு 1996-இல் வகுத்த சட்டப்படி ஒரு தனி நிறுவனமே இயங்குகிறது. ஈஷாபூர் ரைபிள்களும் கப்பலேறி அந்நாட்டுக் கடைகளில் விலைபோயின. எனினும் அங்கும் தடையில்லாமல் இல்லை. 1963-இல் ஜனாதிபதி கென்னடியைக் கொல்லப் பயன்பட்டது, அஞ்சல் வழியே வாங்கிய பழைய இத்தாலியப் படை ரைபிள். 1968-இல் வந்த சட்டம் அஞ்சல் விற்பனையையும் அயல்நாட்டுப் படைத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் கட்டுப்படுத்தியது. இங்கிலாந்தில் இலண்டன், பர்மிங்காம் ஆகிய இரண்டு இடங்களிலுள்ள சோதனைச் சாலைகளில் ஒன்றின் முத்திரை பெறாத துப்பாக்கியை விற்பதே குற்றம்.

நம் நாட்டு நிலை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகள், .303 மற்றும் 7.62 மில்லிமீட்டர்ப் படைத் தோட்டாவைக் கொள்ளக்கூடிய ரைபிள்களைச் சாதாரண உரிமத்திற்கு அப்பாற்பட்ட வகையில் வைத்துள்ளன. மாவட்டக் கலெக்டர் தரும் உரிமத்தைக் கொண்டு இவற்றை வாங்க இயலாது. மத்திய அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருப்பதற்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறைந்தது ஏழு ஆண்டுகளும் கூடியது பதினான்கு ஆண்டுகளும் சிறைத்தண்டனை உண்டு. இத்தடையின் வேர் ஆங்கிலேயர் ஆட்சியில் உள்ளது. படையின் தோட்டா குடிமக்கள் கைக்குப் போய்விடலாகாது என்று அவர்கள் அஞ்சினர். ஆகவே அதே லீ-என்பீல்டு அமைப்பில் .315 விட்டமுள்ள வேட்டை ரைபிள் இந்தியாவிற்கென்று செய்யப்பட்டது. அந்த .315 தோட்டாவும் முன்னாளில் ஆஸ்திரியப் படையினுடையது என்பது வேடிக்கை. பின்னர் ஈஷாபூரிலும் அது செய்யப்பட்டு, உரிமம் பெற்ற குடிமக்களுக்கு விற்கப்பட்டது.

இதனை எழுதியதும் அன்பரிடமிருந்து மறுகடிதம் வந்தது. "குழலை மாற்றி .315 ஆக்கியாயிற்று, ஆகவே தடையில்லை" என்று தரகர் சொல்கிறாராம். இங்கேதான் நாம் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமன்றி, விற்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்குங்கூட உரிமம் வேண்டும் என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு கூறுகிறது. உரிமமில்லாத பட்டறையில் குழல் மாற்றிய ரைபிள், எவ்வளவு அழகாக இருந்தாலும், குற்றத்தில் பிறந்த பொருளே.

அதனினும் முக்கியமானது எண். ஒவ்வொரு துப்பாக்கியின் உடலிலும் செய்த இடமும் தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை அழிப்பதும் மாற்றுவதும் 8-ஆம் பிரிவின்படி குற்றம். எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் வசம் இருந்தால், வேறு விதமாக மெய்ப்பிக்கப்படும்வரை, அவரே அதனை அழித்தார் என்று சட்டம் கொள்ளும். அஃதாவது, பட்டறையில் எவனோ அராவிய எண்ணுக்கு, பாறசாலையில் உறங்கும் முதியவர் பொறுப்பேற்க வேண்டும். குழல் புதிதாகலாம், கட்டை புதிதாகலாம்; அந்தத் துப்பாக்கி எங்குப் பிறந்தது, யார் யார் கை மாறி வந்தது என்னும் வரலாற்றை எந்தப் பட்டறையும் புதுப்பிக்க இயலாது. வாங்குகிறவர் பணம் கொடுப்பது உண்மையில் அந்த வரலாற்றுக்கே.

"உங்கள் அப்பாவின் லைசென்சிலேயே எழுதிக்கொள்ளலாம்" என்ற சொல்லும் பொருந்தாது. உரிமத்தில் ஆயுதத்தின் வகை குறிக்கப்பட்டிருக்கும். ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குரிய உரிமத்தில் ரைபிளைத் தரகரோ வியாபாரியோ தாமே எழுதிவிட முடியாது. உரிமம் வழங்கிய அதிகாரியின் அனுமதி வேண்டும். மேலும், உரிமம் எந்த நிலப்பரப்பில் செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கேரளத்திற்குள் மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு துப்பாக்கியை இஞ்சிவிளைக்குக் கொண்டுவருவது, தூரம் அரை மைலே ஆனாலும், உரிமமின்றி எடுத்துச் செல்வதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் நேரான வழி யாது? முதலில் உரிமம், பிறகு துப்பாக்கி. நெய்யாற்றின்கரையார் திருவனந்தபுரம் கலெக்டரிடமும், விளவங்கோட்டார் நாகர்கோவிலிலுள்ள கன்னியாகுமரி மாவட்டக் கலெக்டரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியன உண்டு. கடையில் பழைய துப்பாக்கியை வாங்கினால், வியாபாரியின் உரிமத்தைக் காட்டச் சொல்லுக. உடலிலுள்ள எண்ணும் பட்டியலிலுள்ள எண்ணும் ஒன்றாக உள்ளனவா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்க. சோதனை முத்திரையைத் தேடுக. முன்னிருந்த உடையவர் யார் என்று எழுத்தில் பெறுக. தனி மனிதர் தம் துப்பாக்கியை விற்பதாயின், வாங்குபவர் பெயரோடு மாவட்ட மாஜிஸ்டிரேட்டுக்கோ போலீஸ் நிலையத்திற்கோ முன்னறிவித்து 45 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். "இன்றே முடித்துக்கொள்வோம்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்கலாகாது என்பதற்கு இந்த 45 நாட்களே நல்ல அளவுகோல்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இன்னும் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும். உரிமமுள்ள துப்பாக்கியோடு 30 நாட்களுக்கு மேல் வேற்றூரில் தங்க நேர்ந்தால், அவ்வூரின் உரிம அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். மற்றொன்று, தந்தையார் காலமான பின் அவருடைய துப்பாக்கி வீட்டிலேயே கிடக்கலாகாது. அதனைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று, பிறகு வாரிசு தம் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அல்லது முறைப்படி விற்கலாம். பிள்ளைகள் மும்பையிலும் டில்லியிலும் இருக்க, பூட்டிய வீட்டில் கிடக்கும் துப்பாக்கிகளே தரகர் கைக்கு எளிதில் இரையாகின்றன.

இனி, பன்றித் தொல்லைக்கு என் செய்வது? 2022-இல் கேரள அரசாங்கம், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்து, நகராட்சித் தலைவர்களுக்கு வழங்கியது; சுடுபவர் உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவராக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிலோ 2025-இல் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிற்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். எல்லையறியாத ஒரே பன்றிக்கு இருபுறமும் இருவேறு விதி! இத்தகைய உத்தரவுகள் காலவரையறை உடையன. ஆகவே நடப்பு நிலையைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டறிந்தே எதனையும் செய்ய வேண்டும்.

அன்பர் முன்பணம் கொடுக்கவில்லை. அவருடைய தந்தையார் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டு மரச்சீனியில் பெரும்பகுதி போய்விட்டது; அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் விடுமுறை முடிந்து புனேக்கு வண்டியேறிய மகன், தந்தையை வீட்டில் நிம்மதியாக விட்டுச் சென்றார். ஒரு போகம் போனால் மறுபோகம் விளையும். எழுபது வயதில் கோர்ட்டு வாசலில் கழியும் நாட்கள் திரும்பி வாரா.