முன்சக்கர வில்லும் அதிர்வடக்கியும்

நாள்தோறும் சாலையிலும், ஓய்வு நாட்களில் பந்தயத் தடத்திலும் ஓடவேண்டிய காரின் முன்சக்கர வில்லமைப்பை மேம்படுத்த விரும்புவோர், பெரும்பாலும் விறைப்பு மிக்க சுருள்வில்லையே முதலில் நாடுகின்றனர். அது மட்டும் போதுமா என்பதைப் பௌதிகம் விளக்குகிறது.

வில்லின்மேல் நிற்கும் காருக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. சாதாரணக் கார்களில் அது விநாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 வரை இருக்கும். வில்லின் விறைப்பு 4 மடங்கானால் அதிர்வெண் 2 மடங்காகும். அப்பொழுது சமதளமான தடத்தில் கார் குறைவாகச் சாயும். மேடுபள்ளமான சாலையிலோ சக்கரம் தரையைவிட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரம் திருப்புவதற்கும் பயன்படாது, பிரேக்குக்கும் பயன்படாது.

அலைவைத் தணிப்பது ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வடக்கியின் பணி. வில்லின் விறைப்பு 44 சதவீதம் உயர்ந்தால் அடக்கும் திறனும் 20 சதவீதம் உயர வேண்டும். இல்லையேல் பள்ளத்தைக் கடந்த பின்னும் கார் ஊசலாடிக்கொண்டிருக்கும். ஆகவே இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

காரைத் தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. 1950இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான போர்டு கான்சல் காரில் அமைந்த மாக்பர்சன் தூண் முறை, இன்று சிறு கார்கள் பலவற்றில் காணப்படுகிறது. இம்முறையில் காரை மிகவும் தாழ்த்தினால், கார் சாய்கையில் சுழலும் மையம் ஈர்ப்பு மையத்தினும் விரைவாகக் கீழிறங்கும். அதனால் வளைவில் சாய்வு கூடுவதும் உண்டு.

சுருள்வில்லில் எடையொன்றைத் தொங்கவிட்டு அலையச் செய்து, பின்னர் அவ்வெடையை எண்ணெயில் மூழ்கவைத்து அலையச் செய்தால், அதிர்வடக்கியின் பணியை மாணவர் கண்ணாரக் காண்பர்.