கரும்திரையும் கணினியும்

எமது கார்ஹிங் நகரிலுள்ள லைப்னிட்ஸ் மீகணினி மையத்தில் 2018 இல் தொடக்கிவைக்கப்பட்ட சூப்பர்மக்-என்ஜி என்னும் மீகணினி, லினக்ஸ் இயக்குதளத்தில் இயங்குமாறே அமைக்கப்பட்டது. அதே லினக்ஸை மடிக்கணினியில் நிறுவும் எம் மாணவச் செல்வங்கள், வெளித்திரையொன்றை இணைத்ததும் அது கறுத்துக் கிடப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. பெற்றோரும் திரை பழுதென்று கருதிப் புதியதொன்றை வாங்க விரைகின்றனர். பெரும்பாலும் திரையிற் குற்றமில்லை என்பதே நாம் கூறவிழைவது.

இணைத்தவுடன் திரை தன் பெயரையும் தான் ஏற்கக்கூடிய பட அளவுகளையும் ஒரு சிறு குறிப்பாகக் கணினிக்கு அனுப்புகின்றது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகளே. அக்குறிப்பு வந்துசேராவிடின் கணினி பொருந்தாத அளவிற் படம் தரும். அன்றி ஒன்றுமே தராது. ஆகவே முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். யூ.எஸ்.பி-சி வகையில், படம் கடத்தாத துளைகளும் மின்னேற்றத்துக்கு மட்டும் உதவும் கம்பிகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவிற் செய்துவைத்த புண்ணியவான்களை என்னென்பது!

அடுத்து, திரை அமைப்புச் சாளரத்தில் வெளித்திரையின் பெயர் தெரிகின்றதா எனப் பாருங்கள். தெரிந்தால் குறிப்பு வந்துவிட்டது. பட அளவையோ புதுப்பிப்பு வீதத்தையோ குறைத்தாற் போதும். பழைய எச்.டி.எம்.ஐ 1.4 இணைப்பு, 4கே அளவிற் செக்கனுக்கு 30 படங்களையே தாங்கும்.

பெயரே தெரியவில்லை, ஆயின் அதே திரையும் கம்பியும் வேறொரு கணினியில் இயங்குகின்றன என்றால், இயக்கியையே ஐயுறவேண்டும். சில மடிக்கணினிகளில் இரு வரைகலைச் சில்லுகள் உண்டு. உட்திரையை இன்டெல் சில்லு இயக்க, வெளித்துளை என்விடியாவுடன் பிணைந்திருக்கும். லினக்ஸ் கரு புதுப்பிக்கப்பட்டபின் என்விடியா இயக்கி ஏறாதுபோனால், உட்திரை ஒளிர வெளித்திரை இருளும். தொடக்கப் பட்டியலில் முந்தைய கருவைத் தெரிவுசெய்து பாருங்கள். அதில் வெளித்திரை ஒளிர்ந்தால், புதிய கருவுக்கேற்ப இயக்கியை மீள நிறுவவேண்டும்.

பாதுகாப்புத் தொடக்கம் இயங்கும் கணினியில், அறியப்பட்ட கையொப்பமில்லாத இயக்கி ஏற்கப்படாது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்பட்டால், மறுமுறை தொடங்கும்போது வரும் நீலத்திரையிலும் அதனையே கொடுத்துச் சாவியைப் பதியவேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிச் செல்வோரே பலர். அங்கு விசைப்பலகை அமெரிக்க முறையில் இயங்கும்; எமது ஜேர்மன் பலகையிலோ வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். எனவே கடவுச்சொல்லை 8 இலக்கங்களால் மட்டும் அமைத்துக்கொள்ளுங்கள்.